திரௌபதியின் தொண்டைச் சங்கு

பாண்டுரங்கனுக்குத் தன் உடம்பில் பிடிக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது தொண்டையில் துருத்திக்கொண்டிருந்த சங்குதான். எல்லா ஆம்பளைக்கும் இருப்பதுதான். ஆனால் எல்லா ஆம்பளையுமா திரௌபதி வேஷம் கட்டுகிறான்? விழுப்புரம் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக அவன்தான் திரௌபதி. மற்ற நாட்களில் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை வெட்டுவான்.

ராத்திரிக் கூத்தில் வம்பில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அட்டிகைதான் பளபளக்கும், சங்கு தெரியாது. படுகளம் அப்படியா? பாரதத் திருவிழாவின் கடைசி நாள், பட்டப்பகல். செத்துப்போன பிள்ளைகளை நினைத்துத் திரௌபதி புலம்ப வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் பெண்கள் சேர்ந்து அழ வேண்டும். ஐம்பத்தேழாம் வருஷம், கோலியனூருக்குப் பக்கத்து ஊரில், அவன் புலம்பலை உச்சத்துக்கு எடுத்த நேரம் பார்த்து, முன்னால் நின்ற அஞ்சம்மாள் என்பவள், "பாருங்கடி, தொண்டையில எலி ஓடுது!" என்று கைகொட்டிச் சிரித்தாள். கூட்டமே சிரித்தது. படுகளத்தில் சிரிப்பாம், கர்மம்!

"அடுத்த வருசமும் இப்டி ஆச்சின்னா வேசம் வேற ஆளுக்குத்தாம்பா" என்று சொல்லிவிட்டார் ஜமா வாத்தியார் சீனுவாசன். அந்த வேஷம் போனால் பாண்டுரங்கனுக்கு என்ன மிச்சம்? களைக்கொத்துதான்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, சங்கின் மேல் விரல் வைத்துப் பாடிப் பாடிப் பார்த்தான். கீழே பாடினால் அது நெஞ்சுப் பக்கம் இறங்கியது. மேலே போகப் போக ஏறியது. பெண் வேஷத்துக்கென்று மெலிதாக்கிப் பாடும் கள்ளக்குரலுக்குத் தாவினால் ஒரே குதி. தாடைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. குரலை இறக்கினால் மறுபடி தொப்பென்று கீழே.

"ஒரு எடத்துல இருந்து தொலையேன்!" என்று அவன் கத்த, அடுப்படியிலிருந்து மனைவி கோவிந்தம்மாள், "யாரைத் திட்டிக்கினு கீற? பெரிய பேஜாரா பூட்சி உன்னோட" என்று திருப்பிக் கத்தினாள்.

திண்டிவனத்துக்கு பஸ் ஏறிக் கம்பவுண்டர் இருதயராஜிடம் போனான். "இதை அறுத்து எடுத்துட முடியாதுங்களா?"

இருதயராஜ் அவனைப் பாடச் சொல்லித் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "கொரலு ஏறுனா இதுவும் ஏறும்பா. ஒரு கொரல்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுற பாரு, அங்கதான் குதிக்குது. புடிச்சி நிறுத்துனா பாட்டும் நின்னுடும்."

இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தது? கூத்துக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: கட்டு. இடுப்பா, மாரா, கொண்டையா, இறுக்கிக் கட்டினால் நிற்கும். சங்கையும் கட்டிவிட்டான்.

அடுத்த வருஷம், அதே ஊர்ப் படுகளம். அட்டிகைக்கு அடியில் துணி நாடா, மூன்று சுற்று. கீழ்க்குரலில் எப்படியோ ஒப்பேற்றினான். மேலே எடுத்தான், கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி எடுத்தான், காற்றுதான் வந்தது. வாத்தியார் முறைத்தார். முன்வரிசையில் அதே அஞ்சம்மாள்! பாண்டுரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டிகை, நாடா எல்லாவற்றையும் பிய்த்து வீசினான்.

"ஓடுதுடி எலி! நல்லாப் பாத்துக்க!" என்று ஆம்பளைக் குரலில் அலறி, அதே மூச்சில் புலம்பலைப் பிடித்தான். வெறுந்தொண்டையில் சங்கு ஏறியது, குதித்தது, விழுந்தது, மறுபடி ஏறியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வேஷம் கலைத்துக்கொண்டிருந்தவன் எதிரில் அவளே வந்து நின்றாள். விடுவானா? "போன வருசம் என்னாத்துக்கும்மா அப்டி சிரிச்ச?"

"எம் பெரிய புள்ள கெணத்துல வுழுந்து அப்ப ஆறு மாசங்கூட ஆவலீங்கண்ணா. நீங்க பாடுறப்ப எனக்கு இங்க அடைச்சிக்கினு வந்திச்சி" என்று தன் தொண்டையைத் தொட்டாள். "அழ ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு சிரிச்சிப்புட்டேன்."

ஒரு வருஷம்! கண்ணாடி, பஸ், கம்பவுண்டர், நாடா!

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா தாயி?" என்று கத்த ஆரம்பித்தவனுக்குப் பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.