நான்கு லெச்சுமிகளும் ஒரு எண்ணும்

சாக்கை இறக்கிய பிறகும் திரையில் பதினான்கு கிலோ இருநூறு என்றே நின்றது. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் எடைக் கொட்டகை அது. கொழுந்துச் சாக்குகளைத் தராசில் மாட்டி இறக்கும் எடைக்கார அக்கா, வெறும் கொக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏந்தம்பி, சாக்க எறக்கியாச்சு, இன்னும் பதினாலு கிலோ காட்டுது. பேய் தொங்குதா?" இடுப்பில் படங்குத் துணி கட்டி, மூடுபனியில் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அந்த வரிசையில்தான் நின்றார்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். டிப்ளமா வாங்கிய கையோடு, மின் தராசோடு இணைத்த கணினியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதச் சோதனை வேலை கிடைத்தது. எடையைத் திரையில் காட்டிப் பதிந்துகொள்ளும் நிரல் மட்டும் அடிக்கடி உறைந்துவிடும். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால்தான் அதை நிறுத்த முடியும். நிரல் புதிதாகக் கிளம்பும்போதெல்லாம் எண்ணும் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் நான் ஓடிவந்து, பட்டியலில் எண்ணைத் தேடி, நிரலை நிறுத்தி, மறுபடி ஓடவிட வேண்டும்.

நான் இல்லாதபோது அக்காவே ஒரு பொத்தானை அமுக்கி இதைச் செய்துகொள்ளட்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மூன்றே வரி. பெயரில் 'எடை' என்று இருப்பதன் எண்ணைக் கண்டுபிடி, அதை நிறுத்து, நிரலை மறுபடி ஓடவிடு. வீட்டில் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தேன், அழகாக வேலை செய்தது. கோப்பாகச் சேமித்து, 'எடை-மறுபடி' என்று பெயரும் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். கோப்பாக ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எடையில் நிரல் உறைந்தது. அக்கா பெருமையாகப் பொத்தானை அமுக்கினார். திரை கறுத்தது, மறுபடி எழவே இல்லை. இன்னொரு முறை அமுக்கினார். ஒன்றுமில்லை. "பேய ஓட்டச் சொன்னா ஊட்டையே காலி பண்ணிட்டியே தம்பி!" என்றார். அம்மா படங்கைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். சத்தம் கேட்டு வந்த உதவி மேலாளர், எங்கள் லயத்து வீடுகளில் இன்றைக்கும் சின்ன துரைதான், கையால் எடை எழுதும் பழைய நோட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி சொன்னார்: "மூணு மணி எடைக்குள்ள எங் கண்ணு முன்னால இந்தப் பொத்தான் வேலை செய்யணும். இல்லேன்னா நாளையிலிருந்து நோட்டுதான். நோட்டு எழுத உன்னைய மாதிரி ஆள் வேண்டியதில்ல."

நிரலைக் கையாலேயே ஓடவிட்டுவிட்டு, மதியம் வரை அந்த மூன்று வரிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை.

மதிய எடையின்போது அக்காவுக்கு என்னைச் சீண்டும் எண்ணம் வந்துவிட்டது. தோட்டத்தில் ஆட்களைச் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் உள்ள எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "மனுசங்கள நம்பர் சொல்லிக் கூப்புடறது மரியாதை இல்லீங்க" என்று முதல் வாரத்திலேயே நான் அவரிடம் பேசியிருந்தேன். "இன்னிக்குத் தம்பி சொன்னபடியே பேரச் சொல்லிக் கூப்புடறேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "லெச்சுமி!" என்றார். மூன்று பேர் சாக்கோடு முன்னால் வந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். பின்னாலிருந்து அக்காவைப் பார்த்து ஒரு குரல்: "ஏன்டி, நீயும் லெச்சுமிதானே? நீயும் தராசுல தொங்கு!"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. கூப்பிட்டவரின் பெயரும் லெச்சுமி. நிரலைத் தேடிய ஸ்கிரிப்டின் பெயரிலும் 'எடை' இருக்கிறது! பெயரைச் சொல்லித் தேடியதும் நிரலின் எண்ணோடு தன் எண்ணும் கிடைத்திருக்கிறது. இரண்டையும் நிறுத்திவிட்டது. மறுபடி ஓடவிடும் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் தானே செத்துப்போயிருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு வரியாகத் தட்டியபோது அந்தப் பெயரில் வேறு யாருமே இல்லை.

பெயர் சொல்லித் தேடுவதையே விட்டேன். நிரலைப் பின்னணியில் ஓடவிட்ட அடுத்த நொடி, டாலர் குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்த $! என்பதில் அதன் எண் கிடைக்கும். அதை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், நிறுத்தும்போது அந்த எண்ணை மட்டும் கூப்பிடலாம். அது இன்னும் அதே நிரலுக்கு உரியதுதானா என்று பார்க்கவும் ஒரு வரி சேர்த்தேன். இந்த முறை கோப்பாகவே நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். கூட இருப்பவர்கள் யாராவது ஸ்கிரிப்ட் பாதியில் செத்துவிடுகிறது என்று வந்து நின்றால், நான் முதலில் கேட்பது, "உங்க ஸ்கிரிப்டோட பேரு என்னங்க?"

மூன்று மணி எடை தொடங்கியது. சின்ன துரை நோட்டோடு வந்து நின்றார். தினமும் உறையும் நிரல் அன்றைக்குப் பார்த்து ஓடு ஓடென்று ஓடியது. பத்துச் சாக்கு, இருபது சாக்கு. அது உறையாதா என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே நாள் அதுதான். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "பேய் தொங்குனாத்தான் அமுக்கணுமா?" என்றவர், ஒரு சாக்கு இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டார்.

திரை கறுத்தது. பிறகு பளிச்சென்று ஒரு பூஜ்யம் வந்து நின்றது.

ஒரு பூஜ்யத்துக்கு அத்தனை கைதட்டல் விழுந்து நான் பார்த்ததில்லை. "நாளைக்கும் வந்துரு" என்றார் சின்ன துரை, என்னைப் பார்க்காமலே. அக்கா விடவில்லை. "நோட்டு இனி எதுக்குங்க தொர? குடுத்துட்டுப் போங்க, மழ வந்தாத் தலையில வெச்சுக்கறேன்." சின்ன துரையும் சிரித்துவிட்டு, உண்மையிலேயே அதை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். "நாப்பத்தொண்ணு!" அம்மா நிமிர்ந்து வந்து சாக்கை மாட்டினார். இறக்கிய பிறகும் அங்கேயே நின்றார். "எட போட்டாச்சுக்கா, நகருங்க" என்றார் அக்கா.

"இரு. அந்தப் பொத்தான நான் ஒருக்கா அமுக்கிப் பாக்கறேன்" என்றார் அம்மா.