சம்பந்தம் விசாரிக்க வந்தவள்

போர்க் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் தெருத்தெருவாகப் போய்க் கேள்வி கேட்பது புத்தியுள்ள காரியமல்ல. அதிலும் கேள்வி குடுவைப் பற்றியது என்றால் அவளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதுதான் நியாயம் என்று என் அம்மா நினைத்தார். குடு என்றால் ஹெரோயின். கொழும்பில் எந்த மொழிக்காரருக்கும் அது குடுதான். சமூகவியல் படித்து முடித்துவிட்டு, வெள்ளவத்தையில் அம்மாவின் தலையைத் தின்றுகொண்டு நான் வீட்டில் இருந்தேன். துறைமுகப் பக்கத்துக் குடு வியாபாரம், இரவு விடுதி வாசல்களில் நடக்கும் வெட்டுக்குத்து, இவற்றுக்குப் பின்னால் நிற்கும் கூட்டங்கள் என்று எல்லாவற்றையும் ஒரு பேராசிரியர் ஆராயத் தொடங்கியிருந்தார். தமிழில் பேசி விபரம் திரட்ட அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அம்மா வேண்டாம் என்றார். வேறு என்ன காரணம் வேண்டும், போனேன்.

நான் அனுப்பப்பட்ட இடம் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம். மரம் செடி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளையும் நடுவில் ஒரு பொதுக் குழாயையும்தான் அங்கே தோட்டம் என்பார்கள். அதன் பெயரைச் சொன்னால் முச்சக்கர வண்டிக்காரர்கள் வெளித் தெருவிலேயே இறக்கிவிடுவார்கள். வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிப்பாய், எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். யாழ்ப்பாணத்து விலாசத்தைக் கண்டு இறுகியிருந்த அவன் முகம் இளகிவிட்டது. அந்தத் தோட்டத்துக்கென்றால் கைப்பையைக் கவனமாக வைத்துக்கொள் என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினான்.

எடுத்த எடுப்பிலேயே குடுவைப் பற்றிக் கேட்காதீர்கள், முதலில் இயல்பாக நாலு வார்த்தை பேசுங்கள் என்பது பேராசிரியரின் கட்டளை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்களுக்கு இயல்பான பேச்சென்றால் எந்த ஊர், எத்தனை சகோதரம், என்ன வேலை, யார் யாருக்குக் கலியாணம் முடிந்தது என்பவைதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமே இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவோம். ஆகவே குடையை மடக்கி வைத்துவிட்டு, வீடுவீடாகப் போய் இருந்து அப்படியே கேட்டேன். பிறகு மெதுவாக ஆராய்ச்சிக் கேள்விகளுக்கு வந்தேன். இங்கே இளம் ஆண்களுக்குக் குடிப்பழக்கம் உண்டா? பொழுதுபட்டால் எங்கே போகிறார்கள்? சிநேகிதர்கள் எப்படிப்பட்டவர்கள்? பொலிஸ் வழக்கு ஏதும்?

அந்தத் தோட்டம் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டில் வைத்துச் சோடா வந்தது, கேக் வந்தது. இங்கே பியர்ப் போத்தலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம் என்று ஒருவர் சத்தியம் செய்தார். அவர் வாயைத் திறந்தபோது வந்த சாராய வாசத்தில் எனக்கே லேசாகத் தலை சுற்றியது. குடு என்றால் மாவு வகையா என்று ஒரு பெண்மணி என்னைத் திருப்பிக் கேட்டார். எல்லோரும் ஒரே வாயாக, நான் கேட்காமலே, மூலை வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். அந்த வீட்டுப் பெண் அடக்கமானவள், தையலில் கெட்டிக்காரி. அவள் அண்ணனோ தங்கமான பிள்ளை, ஹாபரில், அதாவது துறைமுகத்தில், வேலை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடமாட்டான். அந்தத் தங்கத்தை நானும் குழாயடியில் கண்டிருந்தேன். புருவத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு ஒரு வெட்டுக் காயம் இருந்தது. அதைக் கேட்டதற்கு, பலிபீடத்துக்குப் பூ வைக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தவன் என்றார்கள்.

நான் கொண்டுபோன விடைகளைப் பேராசிரியர் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார். கொழும்பில் குடு விற்காத, குடிக்காத, அடிபடாத ஒரே இடத்தை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அது எப்படி இந்தத் தோட்டமாக இருக்க முடியும் என்று கேட்டார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. மறுபடி போனேன், மறுபடியும் சோடாவும் கேக்கும்தான் கிடைத்தன.

அன்று திரும்பும்போது பஸ் நிலையத்தில் மூலை வீட்டுப் பெண் என் பின்னால் ஓடி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுல என்ன முடிவு பண்ணியிருக்காங்க?"

எந்த மாப்பிள்ளை என்று கேட்டேன். அவள் விழித்தாள், நானும் விழித்தேன். பிறகுதான் விளங்கியது. அவளுக்குக் கனடாவில் ஒரு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பையனைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுக் குடும்பத்தை விசாரிப்பார்கள் என்று தோட்டமே காத்திருந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து, யாழ்ப்பாணத் தமிழ் பேசிக்கொண்டு, குடையோடு ஒருத்தி வந்து இறங்கி, எத்தனை சகோதரம், குடிப்பழக்கம் உண்டா, பொலிஸ் வழக்கு உண்டா என்று கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? குற்றக் கும்பலை ஆராய்வதற்கும் சம்பந்தம் விசாரிப்பதற்கும் எங்கள் சனம் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான் என்பதை எந்த விரிவுரையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நான் பஸ் நிலையத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்து ஆள் என்றும், பெயர் எதையும் எழுதுவதில்லை என்றும் சொன்னேன். உண்மையாக விசாரிப்பவர் இனித்தான் வரவேண்டும் என்று விளங்கியதும் அவள் முகம் இன்னும் செத்துப்போனது.

"அண்ணன் குடுதான் விக்கிறான், அக்கா. ராவுல கொள்ளுப்பிட்டியில கிளப் வாசல்ல நின்னு அடிபடுறான். வந்த சம்பந்தமெல்லாம் அவனாலதான் போச்சு. இதுவும் போனா நான் இந்த வீட்டுலயேதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆராய்ச்சி என்று சோடா குடித்துத் திரிந்த இடத்தில், ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தோட்டம் முழுதும் கூடித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கும் பெண்களுக்குத் தெரியாத செய்தி உலகில் இல்லை. அம்மாவின் மகள் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்வருகிறாள் என்ற விபரம் கிருலப்பனையில் இருந்த மாப்பிள்ளையின் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு பின்னேரம் மாப்பிள்ளையின் பெரியம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உண்மையாகவே விசாரிக்க வந்தவர் இவர்தான். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பெரியம்மா அதைத் தொடவில்லை.

"பிள்ளை, நீர் அந்தத் தோட்டத்துக்குப் போய் வாறனீராம். மூலை வீட்டுச் சனம் எப்பிடி?"

ஆராய்ச்சியில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது பேராசிரியருக்கு நான் கொடுத்த வாக்கு. ஆனால் சம்பந்தம் விசாரிக்க வந்தவரிடம் தெரியாது என்று சொன்னால் அது முடியாது என்று சொன்னதற்குச் சமம். இழுத்துப் பேசினாலும் அதே கதிதான். வாயால் சொல்லாததைத்தான் எங்கள் ஆட்கள் முழுதாக நம்புவார்கள். நான் யோசித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எழும்ப ஆயத்தமாகிவிட்டார்.

வீடுவீடாகக் கேட்டேன், ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை என்றேன். பொய்யில்லை. தமையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். ஹாபரில் வேலை என்று எல்லோரும் சொல்லுகிறார்கள் என்றேன். அதுவும் பொய்யில்லை. பேராசிரியர் குப்பை என்று ஒதுக்கிய விடைகளை ஒன்றுவிடாமல் எடுத்து அவருக்கு முன்னால் பரப்பினேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"உம்மட தமையனுக்கு எண்டால் அந்தப் பிள்ளையை எடுப்பீரோ?"

லண்டனில் இருக்கும் என் அண்ணாவுக்காக அம்மா வைத்திருந்த சாதகக் கட்டை நினைத்தேன். குசினி வாசலில் அம்மா மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. தோட்டத்தார் சொன்னது எதுவும் இந்தக் கேள்விக்கு உதவாது. கம்பியருகே நின்று கண்ணைத் துடைத்தவளை நினைத்தேன்.

"ஓம், எடுப்பன்."

பெரியம்மா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். அவர் போனபிறகு அம்மா எனக்குப் போட்ட பூசையை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் உலகத்தில் இல்லாத மருமகளை எனக்குப் பேசிக் கொடுக்க நீ யார் என்பதுதான் அதன் சுருக்கம்.

சம்பந்தம் சரிவந்து, அந்தப் பெண் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் பேராசிரியர் என்னை விடவில்லை. கடைசியாக ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றார். போனேன். இம்முறை சோடா வரவில்லை. குழாயடியில் நின்ற அண்ணன்காரன் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் வீட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டான்.

"மிஸ், இப்ப கேளுங்க."

கேட்டேன், சொன்னான். சரக்கு எப்படி வருகிறது, யார் கைக்கு எப்படி மாறுகிறது, கிளப் வாசலில் யாருக்காக யார் வெட்டுகிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னான். ஏணியும் பூவும் சுத்தப் பொய் என்று சிரித்தான். தோட்டத்து ஆட்கள் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையே என்றேன். அவர்கள் பொய் சொன்னது தங்கச்சிக்காக, தனக்காக யார் சொல்லப்போகிறார்கள் என்றான். எழுதி முடித்தபோது கேள்வித்தாளின் தலைப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. தொழில் என்னவென்று கேட்டேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது மட்டும் ஹாபர்னே போடுங்க மிஸ். தங்கச்சி அங்க அப்படித்தான் சொல்லி வச்சிருக்கா."

பெயர் எழுதுவதில்லை, கனடாவில் யாரும் இதைப் பார்க்கப்போவதும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினேன்.

பேராசிரியர் பக்கத்துக்குப் பக்கம் மகிழ்ந்துபோனார். இப்படி ஒரு நேர்காணல் கிடைப்பது அபூர்வம் என்றார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, தொழில் என்ற இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இது பிழையல்லவா என்று கேட்டார்.

பிழையில்லை என்றேன்.