விட்டுப்போன நான்கு நாட்கள்

அந்த வருடம் என் பகல்களில் பாதி, தட்டுகளில் வளரும் செல்களைப் பார்ப்பதிலேயே கழிந்தது. கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. புற்றுநோய்ச் செல்களுக்குக் கதிர் கொடுப்போம். பெரும்பாலானவை செத்துவிடும். சில மட்டும் பிழைத்து, இரண்டு வாரத்தில் திட்டுத் திட்டாகப் பெருகி நிற்கும். ஊதாச் சாயம் போட்டால் பளிச்சென்று தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சொல்லக் கூசுகிறது.

அவை எப்படித் தப்பின என்பதுதான் என் ஆராய்ச்சி. செல்லுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்று மிகச் சிறிய இழைகள் உண்டு. மற்ற கட்டளைகளை அமுக்கி வைப்பதுதான் அவற்றின் வேலை. கதிர் பட்டு உடைந்த செல்லுக்குச் 'செத்துப் போ' என்று ஒரு கட்டளை போகும். அதை அமுக்கும் இழை மிகுந்திருந்தால், செல் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டு எழுந்துவிடும்.

அதே வருடம்தான் என் அக்காவுக்குக் கருப்பை வாய்ப் புற்று. அந்தியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து என்னோடு தங்கி, வாரத்தில் ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சைக்குப் போனாள். சனி ஞாயிறுக்கு ஊருக்குப் போனவள் ஒரு திங்கட்கிழமை திரும்பவில்லை. போன் செய்தேன்.

"மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுப்போட்டாங்க கண்ணு. இனி வெளியூர்ல தங்கக் கூடாது. காத்தால கம்பத்துக்குத் தண்ணி ஊத்தோணும். விட்ட நாளையெல்லாம் கடைசீல சேத்திக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிழைத்த செல்லுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவள் நான். நான்கு நாள் போனிலேயே மல்லுக்கட்டினேன். வெள்ளிக்கிழமை நானே போய், பொழுது சாய்வதற்குள் ஊரில் கொண்டுவந்து விடுவதாகச் சத்தியம் செய்து கூட்டிவந்தேன். திருவிழா முடிந்து கம்பம் பிடுங்கும்வரை தினமும் அப்படித்தான் அலைந்தோம்.

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்குவாள். ஜன்னல் வழியே மஞ்சள் வேகவைக்கும் வாசனை வரும். எனக்கும் கண் சொக்கும். தறிச் சத்தம், வெயில், தென்னை எல்லாம் ஒன்றாகக் குழைய, அவள் புடவைமேல் ஊதாத் திட்டுகள் மெல்லப் பெருகுவதாகத் தோன்றும். திடுக்கிட்டு விழித்து அவளையே திட்டுவேன்.

"நீங்களே கெடுத்துக்கிட்டீங்கக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டியின் ஒரு பகுதி அப்படியே இருந்தது. "அந்த நாலு நாளுதான்" என்றாள் அக்கா. நான் மறுக்கவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

கதிர் தொடங்கும் முன்பே, தன் கட்டியின் துணுக்கு ஒன்றை எங்கள் ஆய்வுக்குத் தர அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். பிறகுதான் அதைச் சோதித்தோம். நான் தேடிய இழை அதில் ஏற்கெனவே ஏகமாக இருந்தது. ஒரேயொரு துணுக்கை வைத்து எதையும் அறுதியிட முடியாது. நான்கு நாளும் கெடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டி முதல் நாளே கதிருக்கு அடங்காத கட்டியாகத்தான் இருந்திருக்கிறது.

ஊருக்குப் போய் அவளிடம் அப்படியே சொன்னேன். நல்ல சேதியில்லை என்று அவளுக்கும் புரிந்தது. வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, என்னாலதான் கெட்டுச்சுன்னு இனி திட்ட மாட்டயா அம்மணி?"

"மாட்டேனுங்க்கா" என்றேன்.