மஞ்சள் பலகைக்கு அங்கால்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலத்தில், நானும் மனைவியும் இலண்டனிலிருந்து ஜெர்மனிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனோம். புறப்படுவதற்கு முன்பே, தொலைபேசியில், அவளுடைய தம்பியிடம் ஒரு பொய் சொன்னேன்.

"தங்கிற இடமெல்லாம் புக் பண்ணியாச்சு, தம்பி. காசும் கட்டியாச்சு. இனி மாத்தேலாது."

உண்மையில் ஓர் இடமும் புக் பண்ணியிருக்கவில்லை.

தம்பி ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தான். அகதியாகப் போய்ச் சேர்ந்து பதினொரு வருடம். அவன் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்கள் ஏற்கெனவே இலண்டனில் இருந்தோம். அவனுடைய அகதி வழக்கு முடியாததால் அவனால் எங்களிடம் வர முடியாது. எங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்ததும் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தம்பியோடு நாலு நாள் இருக்க வேண்டும்.

எனக்கோ வேறு ஆசை. நான் படிப்பித்த கல்லூரியில் மற்ற ஆசிரியர்கள் கோடை விடுமுறை முடிந்து வந்து, ஆற்றங்கரை விடுதி என்றும் மலையடிவாரத்து வீடு என்றும் கதைப்பார்கள். நானும் ஒருமுறை அப்படிக் கதைக்க ஆசைப்பட்டேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அது விடுமுறை ஆகாது. கலியாண வீடியோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு வீட்டில் கோழிக்கறி சாப்பிட வேண்டும். இரண்டு அறை வீட்டில் குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் பொய் சொன்னேன். ஒரு மத்தியானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது என் கணக்கு.

நான் ரிசீவரை வைத்ததும் மனைவி கேட்டாள்: "ஒரு இரவுகூட ஏலாதோ?"

"கட்டின காசு திரும்பி வராது."

அவள் தம்பிக்கென்று வாங்கிய மூன்று சேர்ட்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. மோசல் ஆற்றங்கரைக் கிராமங்களில் வீட்டு வாசல்களில் 'சிம்மர் ஃப்ரை' என்று சிறு பலகை தொங்கும். அறை காலியாக இருக்கிறது என்று பொருள். எங்களுடைய கார் இங்கிலாந்துக் கார், ஸ்டியரிங் வலப்பக்கம். ஜெர்மனியில் வலப்பக்கமாக ஓட வேண்டியிருந்ததால் நான் வீடுகளின் பக்கம், மனைவி நடுவீதிப் பக்கம். அதனால் பலகை பார்ப்பது என் வேலை. முன்னால் போகும் வாகனத்தை முந்தலாமா என்று சொல்வது அவள் வேலை. அவள் ஒருநாளும் முந்தலாம் என்று சொன்னதில்லை. ஒரு மத்தியானம் முழுக்க ஓர் உழவு இயந்திரத்தின் பின்னால் போனோம்.

"புக் பண்ணின இடத்துக்கு ஏன் பலகை பாக்கிறியள்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"எந்த வீடெண்டு தேடத்தானே வேணும்" என்றேன்.

அறைகள் பளிச்சென்று இருந்தன. போர்வைகள் மேகம் மாதிரிப் பொங்கி நின்றன. காலையில் அவித்த முட்டைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். மனைவி தொப்பியைக் கழற்றி, கைப்பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்துத் தூவினாள். வீட்டுக்காரக் கிழவி தானும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தூவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு முட்டை எடுத்தாள். என் விடுமுறையைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் தம்பியின் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்றவன் நல்ல தொந்தியோடு நின்றான். மனைவி கொண்டுவந்த சேர்ட்டுகள் அவள் ஊரில் விட்டுவந்த ஒல்லிப் பெடியனுக்கு அளவானவை. அவன் ஒன்றைப் போட்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பொத்தானைப் பூட்டி, மூச்சை விட்டான். பொத்தான் பறந்தது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் போனது.

சாப்பாட்டின்போது தம்பி சொன்னான்: "இந்தக் கிழமை இஞ்ச பெரிய கண்காட்சி அத்தான். சுத்துவட்டாரத்தில ஒரு றூம் இல்லை. நீங்கள் கெட்டிக்காரன், முன்னமே பிடிச்சிட்டியள்."

நான் இன்னொரு துண்டு கோழிக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எந்த ஹோட்டல் அத்தான்?"

"ஆத்தங்கரைப் பக்கம்" என்றேன். நெக்கார் ஆறு நீளமானது. எங்காவது ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பினேன்.

ஐந்து மணிக்கு நான் எழும்பினேன். மனைவி எழும்பவில்லை. தம்பியின் மனைவி, "அக்கா இரவுச் சாப்பாட்டுக்கும் நிக்கட்டுமே, நான் இடியப்பம் அவிக்கிறன்" என்று கெஞ்சினாள். "அறையை நேரத்தோட எடுக்காட்டி வேற ஆக்களுக்குக் குடுத்திடுவாங்கள்" என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் விவரங்கள் தானாக வருகின்றன.

ஆனால் நம்முடைய ஆட்களின் வழக்கத்தை நான் மறந்துவிட்டேன். வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்களா? தம்பி தன் காரின் திறப்பை எடுத்துக்கொண்டான்.

"நான் முன்னால போறன், நீங்கள் பின்னால வாங்கோ. ஹோட்டல் வாசல்ல விட்டிட்டுத்தான் வருவன்."

ஆற்றங்கரையில் முதலில் கண்ட விடுதியடியில் தம்பிக்கு விளக்கைப் போட்டுக் காட்டினேன். அவனை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். "இதில்லை, பேர் ஒரே மாதிரி இருந்தது" என்று தம்பியிடம் சொன்னேன். அடுத்த விடுதியிலும் இடமில்லை. அங்கிருந்த பெண்மணி கையை நீட்டி, மேட்டுக்கு அப்பால் உள்ள கிராமத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். வெளியே வந்து, "அந்தப் பக்கமாம்" என்றேன். மனைவி காரின் கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

மேட்டின் மேல், கிராமத்தின் பெயர் எழுதிய மஞ்சள் பலகைக்கு முன்னால் தம்பி காரை ஓரங்கட்டினான். இறங்கி என் ஜன்னலுக்கு வந்தான்.

"அத்தான், இதுக்கு அங்கால வேற மாவட்டம். வழக்கு முடியும்வரைக்கும் நான் அனுமதிக் கடிதம் இல்லாமல் போகேலாது. பொலிஸ் பிடிச்சா தண்டம். உங்கட ஹோட்டல் அங்காலயோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஹோட்டலே இல்லை, உன் வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ அந்தப் பலகை தப்பிப்போகும் வழியாகத் தெரிந்தது. அவனால் வர முடியாத இடத்தில் என் பொய்க்கு ஆபத்தில்லை.

"ஓம், அங்காலதான்" என்றேன்.

மனைவி இறங்கிப் போய் அவனுடைய கன்னத்தைத் தடவிவிட்டு வந்தாள். கார் நகர்ந்தது. கண்ணாடியில், பலகையின் கீழே, பொத்தான் இல்லாத புதுச் சேர்ட்டோடு அவன் கையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

அந்தக் கிராமத்தில் விடுதி ஒன்றுதான். அங்கும் இடமில்லை. நான் திரும்பி வந்து காருக்குள் ஏறினேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"புக் பண்ணேல்லை, என்ன?"

"இல்லை."

"ஒரு இடமும்?"

"ஒரு இடமும் இல்லை."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "காரைத் திருப்புங்கோ" என்றாள், அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்கு இன்றும் கேட்கிறது. தம்பியோடு நாலு நாள் இருக்கும் அந்த ஆசையைத்தான் நான் ஒரு தொலைபேசிப் பேச்சில் தட்டிவிட்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது தம்பி அதே பலகையின் கீழ்தான் நின்றான். காரின் முன்மூடியில் சாய்ந்து அப்பிள் தின்றுகொண்டிருந்தான். நாங்கள் கிட்ட வந்ததும் நான் வாய் திறக்குமுன் அவனே தொடங்கினான்:

"என்ன அத்தான், தண்ணிக் குழாய் உடைஞ்சுபோச்சோ? இஞ்ச பழைய கட்டிடங்கள், அடிக்கடி உடையிறதுதான். புக் பண்ணின ஆக்களையும் திருப்பி அனுப்பிடுவாங்கள்."

நான் படித்தவன். சாதாரணமாக எனக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. "ஓம், குழாய்தான்" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்தில் மனைவி, "ஓம் தம்பி, சரியான வெள்ளம். உங்கட அத்தான் நீந்தியெல்லே வந்தவர்" என்றாள்.

அவனும் சிரிக்காமல் தலையாட்டினான். "நல்ல காலம், நீந்தத் தெரிஞ்சது."

வீட்டில் மெத்தை விரித்து, புது உறை போட்டுத் தலையணைகளும் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் படுக்கை அறை, அவர்களுக்கு முன்னறை. எல்லாம் மத்தியானத்துக்கு முன்பே ஆயத்தமாக இருந்திருக்கிறது. அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டுதான் எங்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். குளியலறைக்கு வரிசையில் நின்றேன். கலியாண வீடியோ பார்த்தேன். இடியப்பம் சாப்பிட்டேன்.

ஒரு இரவுக்குக்கூட இடமில்லை என்று நான் சொன்ன விடுமுறையில் ஒரு கிழமை, ஏழு இரவு, அங்கே நின்றோம். தம்பி எங்களைத் தன் மாவட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டினான். அந்த மாவட்டத்தில் நாங்கள் பார்க்காத குளமோ கோட்டையோ இல்லை. எல்லைப் பலகை வந்ததும் காரை நிறுத்தி, புல்லில் துணி விரித்துச் சாப்பிடுவோம். "இதோட ஜெர்மனி முடிஞ்சுது அக்கா" என்பான். கல்லூரிக்குத் திரும்பியபின் அந்த எல்லைப் பலகைச் சாப்பாடுகளைப் பற்றித்தான் கதைத்தேன்.

அன்றிலிருந்து நான் எதையாவது மழுப்பினால், "தண்ணிக் குழாயோ?" என்று மனைவி கேட்பாள். சிரித்துவிடுவேன். ஆனாலும் அந்தப் பலகையின் முன்னால் "அங்காலதான்" என்று நான் சொன்னதற்குத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் "விசர்க் கதை அத்தான்" என்று தள்ளிவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு மழுப்பல்தான்.

பல வருடம் கழித்து அவனுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்து, முதன்முதலாக இலண்டனுக்குக் குடும்பத்தோடு வரப்போவதாகத் தொலைபேசியில் சொன்னான்.

"உங்களுக்கு ஏன் கரைச்சல் அத்தான். ஹோட்டல் புக் பண்ணியாச்சு."

"அந்த ஹோட்டல்ல தண்ணிக் குழாய் உடைஞ்சுபோச்சு, தம்பி" என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். நான் அன்றைக்கு ஓர் இடமும் புக் பண்ணவில்லை என்றும், அவனால் வர முடியாது என்று தெரிந்துதான் அங்கால் என்று சொன்னேன் என்றும், அது பிழை என்றும்.

பிறகு கேட்டான்: "அப்ப எந்தப் பலகையடியில வந்து நிப்பியள்?"

அவர்கள் வந்த அன்று விமான நிலையத்தில், ஆட்கள் வெளியே வரும் கதவுக்கு முன்னால் போட்டிருந்த கம்பித் தடுப்பு வரை போய் நின்றேன். அதற்கு அங்கால் என்னை விடமாட்டார்கள்.