மஞ்சள் கேமராவின் முன்னால்

லண்டனில் கிங்ஸ்பரியிலிருந்து சவுத்தாலுக்கு என்னை ஏற்றிப்போன டாக்ஸிக்காரரின் நரைத்த மீசை, சிரிப்பதுபோல் எப்போதும் மேல்நோக்கி நின்றது. டாஷ்போர்டில் நல்லூர் முருகனும் மடு மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மஞ்சள் வேகக் கேமரா தெரிந்தால் பிரேக்கை மிதிப்பார். அதைக் கடந்ததும் பறப்பார்.

“கடவுளும் அந்தக் கேமரா மாதிரி எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால வந்து நிண்டா, பிறகு ஒருத்தரும் தங்கட விருப்பத்துக்கு நடக்க ஏலாது, அண்ணை,” என்றேன். “உங்களை மாதிரி பிரேக்கில கால் வச்சுக்கொண்டுதான் திரிவினம்.”

மீசை இறங்கியது.

“ஆர் சொன்னது? கடவுளே வந்து நிண்டாலும் மனுசன் மனுசன்தான்.”

அடுத்த கேமரா வந்தது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. காருக்குப் பின்னால் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

“ஐயோ, லைசன்ஸில தண்டப் பொயின்ட்ஸ் விழுமே!”

“விழட்டும். தெரிஞ்சுதான் போனனான். முருகனும் மாதாவும் பாத்துக்கொண்டுதான் இருந்தவை. ஆரும் என்னைத் தடுக்கேல்லை, கண்டீரோ தம்பி?”

மீசை மறுபடியும் ஏறிக்கொண்டது.

கடவுள் நேரில் வந்தாலும் இந்த மனிதரை அசைக்க முடியாது என்று அன்றே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அன்று ஆக்சிலரேட்டரை மிதித்தது அவருடைய விருப்பமா, என்னுடைய வாயா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.