டிவி மேல் ஒட்டிவைத்த சிப்பு

உனக்கு எதற்கு அந்தக் கதை? விருந்தாளியாக வந்தவள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? ஆணியில் தொங்குகிற மெடலை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாய், கையில் எடை போட்டுப் பார்க்கிறாய். விட்டால் கடித்தும் பார்ப்பாய். தகரம்தான். உட்கார். சொல்லாமல் விட்டால் நீயே ஒன்றை ஜோடித்துக்கொண்டு சைதாப்பேட்டை முழுக்கப் பரப்புவாய்.

எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருப்பது உனக்குத் தெரியும். மகளுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்குள் போய்விடுவாள். பேத்திகள் இரண்டு. பெரியதற்குப் பத்து வயது, சின்னதற்கு ஏழு. அதுகளுக்குச் சாயங்காலம் சும்மாவே பாடம் சொல்லித்தரும் டீச்சர் ஒரு நாள் வந்து வாசலில் நின்று சிரித்தாள். வாசலில் நின்று சிரிப்பவர்களை நான் சட்டென்று உள்ளே விடுவதில்லை.

"பாட்டி, நம்ம சென்டருக்காக ஒரு ஓட்டம் வச்சிருக்கோம். பத்து கிலோமீட்டர். பெரியவங்க காசு கட்டி ஓடுவாங்க. அதுல பசங்களுக்குப் புக்கு வாங்கலாம். நம்ம பசங்களும் ஓடட்டுமே. கூட வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் வரணும்."

"இன்னாது, காசு குட்த்து ஓடுவாங்களா?"

"ஆமா பாட்டி."

"பின்னால நாய் தொரத்துமா?"

"சேச்சே, இல்ல பாட்டி."

"அப்புறம் இன்னாத்துக்கு ஓடணும்?"

அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு நம்பர். அதைப் பார்த்ததும் என் விளையாட்டெல்லாம் நின்றுபோனது.

என் அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையைக் காலி பண்ண நோட்டும் கையுமாக ஆட்கள் வந்து, வீடு வீடாகக் கதவில் சாக்பீஸால் நம்பர் போட்டு, நோட்டிலும் எழுதிக்கொண்டு போனார்கள். நம்பர் விழுந்த வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு வீடு கொடுத்து, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நம்பர் இல்லை. அக்கா அன்றைக்கு வேளச்சேரியில் காதுகுத்துக்குப் போயிருந்தாள். பிரியாணி தின்றுவிட்டுத் திரும்பினால், அவள் அங்கே வாழ்ந்ததாகவே எந்த நோட்டிலும் இல்லை. கரையில் இருந்ததும் போனது, வெளியே கொடுத்ததும் கிடைக்கவில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் நான் வீட்டைப் பூட்டுவதே இல்லை.

இப்போது நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை, கையில் நம்பர், வீட்டை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வா என்கிறாள். நான் என்ன நினைப்பேன்?

"இந்த நம்பர் இன்னாத்துக்கு?"

"அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு சிப்பு ஒட்டியிருக்கும் பாட்டி. நீங்க எங்க இருக்கீங்க, எப்ப வந்தீங்கன்னு மிஷினுக்குத் தெரிஞ்சிடும்."

அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்! முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயா, நீ வரலன்னா என்னிய வுட மாட்டாங்க ஆயா. நான் தெனமும் கோர்ட்டு வரைக்கும் ஓடிக்கினு கீறேன்."

அந்தப் பெண் என்னிடம் இதுவரை ஒரு ஐஸ் கூடக் கேட்டதில்லை. சரி என்றேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, மூன்று நம்பரிலிருந்தும் சிப்பை நகத்தால் உரித்தேன். டிவி பெட்டியின் தலைமேல் வரிசையாக ஒட்டினேன். மிஷின் தேடட்டும். மூன்று பேரும் வீட்டில்தான் இருக்கிறோம்.

மிஷினை ஏமாற்றினால் போதுமா? நோட்டுக்காரன் வந்தால்? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கதவைத் திறந்து போட்டு, டிவியைச் சத்தமாக வைத்து, பக்கத்து வீட்டுக்காரியை வாசலில் உட்கார வைத்தேன்.

"யாராச்சும் வந்து கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"குளிச்சிக்கினு கீறாங்கன்னு சொல்லு."

"மூணு பேருமா?"

"அழுக்கு ஜாஸ்தி, நேரமாவும்னு சொல்லுமே!"

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஓட்டம் ஆரம்பமானது. புடவைக்கு மேல் அவர்கள் கொடுத்த பனியன், நெஞ்சில் ஊக்கால் குத்திய நம்பர், காலில் ரப்பர் செருப்பு. கூட்டம் ஓடியது, நாங்களும் ஓடினோம். கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் நான் நடந்தேன். மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கச் சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே வந்து போன காலம் உண்டு. அப்போது யாரும் பனியன் கொடுக்கவில்லை.

சாந்தோமில், நான் பாத்திரம் தேய்த்த ஒரு வீட்டு மாமி வாக்கிங் வந்துகொண்டிருந்தாள்.

"என்னடி இது, நீயா? குழந்தைகளையும் இழுத்துண்டு எங்க ஓடிண்டிருக்க?"

"பின்னால தொரத்திக்கினு வராங்க மாமி, அப்பால பேசறேன்."

மாமி நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள்.

அடையாறு பாலத்தில் சின்னது உட்கார்ந்துவிட்டது. இடுப்பில் தூக்கிக்கொண்டேன். கீழே எங்கள் ஆறு. எங்கள் வீட்டைத் தாண்டி வருகிற அதே தண்ணீர். அக்கரையில் ஏதாவது லாரி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து சைதாப்பேட்டை எப்படித் தெரியும்? நிமிர்ந்தால் பாலத்தின் முடிவில் ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடுகிறவர்களின் நம்பரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நோட்டு! எனக்குக் கால் வலி மறந்துவிட்டது. நம்பர் தெரியாதபடி என் முந்தானையை இழுத்துச் சின்னதையும் என்னையும் சேர்த்துப் போர்த்தினேன். பெரியவளை எனக்கு அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு அவனைக் கடந்தேன். பத்து கிலோமீட்டரில் நான் உண்மையாக ஓடியது அந்த இடத்தில்தான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் முடிகிற இடம். தரையில் மிஷினோடு சேர்ந்த ஒரு பாய் விரித்திருந்தார்கள். அதை மிதிக்கிற ஒவ்வொருவருக்கும் கீக் என்று ஒரு சத்தம் வந்தது. நாங்கள்தான் கடைசி. பெரியவள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மிதித்தாள். சத்தம் வரவில்லை. திரும்பிப் போய் மறுபடி மிதித்தாள். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். பாய் வாயைத் திறக்கவில்லை.

மெடல் கொடுக்கிற மேஜையில் ஒரு பையன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பாட்டிம்மா, இந்த மூணு நம்பரும் கிளம்பவே இல்லைன்னு காட்டுது."

"நான் ஓடினேண்ணா," என்றாள் பெரியவள். அவன் மறுபடியும் லேப்டாப்பைத்தான் பார்த்தான்.

அவள் அழவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த நம்பரை எடுக்க ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. வாழ்ந்தவளை வாழவில்லை என்று சொன்ன நோட்டு. இங்கே ஓடியவளை ஓடவில்லை என்று சொல்ல வைத்தவள் நானே.

டீச்சர் ஓடி வந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

"சிப்பு வூட்ல கீதும்மா. டிவி மேல ஒட்டி வச்சிக்கிறேன்."

"ஏன் பாட்டி?"

அக்கா கதையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் சிரிக்கவில்லை. பையனிடம் ஏதோ சொல்லி, மூன்று மெடலை வாங்கி அவளே மாட்டிவிட்டாள். பெரியவள் ஊக்குகளைத் திரும்பக் குத்திக்கொண்டாள்.

அப்புறம் டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "இப்ப வீட்டுல யாரு பாட்டி இருக்கா?"

எனக்குத் தெரியும், கடைசியில் இதைத்தான் கேட்பாள் என்று.

"எல்லாரும் கீறாங்க," என்றேன்.

பஸ்ஸில் அவசரமாக வந்து சேர்ந்தோம். கதவு திறந்திருந்தது. டிவி கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லையாம். அவள் தூங்கும்போது வந்திருந்தால்? அதுதான் இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. கதவில் சாக்பீஸ் கோடு ஏதாவது இருக்கிறதா என்று மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மெடல் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. "இன்னாக்கா, பத்து கிலோமீட்டரும் ஓட்டமா?" என்றார்கள்.

"யாரு ஓடினா? புள்ளைங்க ஓடிச்சி, மெடல் வாங்கிச்சி. நான் காத்தாலேர்ந்து வூட்லதான் கீறேன். சந்தேகம்னா அந்த லேப்டாப்பு தம்பிய கேளுங்க, நான் கெளம்பவே இல்லன்னு எழுதியே வச்சிக்கிறான். அந்த சிப்ப மட்டும் எவளும் டிவி மேலருந்து பிய்க்காதீங்க, சொல்ட்டேன்."