எம்பையன் வருவானுங்க

தாம்பாளத்தில் கொஞ்சம் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, இரண்டு வாழைப்பழம். முத்தாத்தாள் கல்யாண வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். யாரோ பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள் என்று பந்தல் போடுகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். பெண்ணின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறார்.

"வாங்க வாங்க. உங்க ஊட்லயும் விசேசமுங்களா?"

"இல்லீங்க. உங்க விசேசத்துக்கு எம்பையன் வருவானுங்க. அதச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க."

விசேஷ வீட்டார்தான் வெற்றிலை பாக்கு வைத்து ஊரை அழைப்பார்கள். வரப்போகிற விருந்தாளியின் சார்பில் விசேஷ வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்கிற ஆள் பல்லடம் வட்டாரத்திலேயே, எனக்குத் தெரிந்து, முத்தாத்தாள் ஒருத்திதான். அழைப்பு உண்டா இல்லையா என்பதையெல்லாம் அவள் பார்ப்பதில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு மளமளவென்று சொல்லி முடிப்பாள். "ரேடியோப் பொட்டி பக்கத்துல உக்காந்துக்குவானுங்க. ஒண்ணும் பண்ணமாட்டான். குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க. ஆரும் வெரட்டிப்போடாதீங்க. தறி உட்டதும் நானு வந்து கூட்டிக்குவேன்."

சபரீஷுக்குப் பத்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே கோயமுத்தூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு டவுன் சிண்ட்ரோம் என்றார். எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்றார். எல்லாம் மெதுவாகத்தான் வந்தது. நடை மட்டும் வந்த பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கிக்கு ரேடியோ என்றுதான் பேர். காது குத்தோ, சீரோ, கோயில் நோன்போ, எங்கே ரேடியோ கட்டினாலும் அந்தப் பாட்டு காற்றில் வந்த திக்கைப் பார்த்துப் பையன் கிளம்பிவிடுவான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிரியமாகத்தான் உட்கார வைத்துக்கொள்கிறார். பாட்டு காதில் விழுகிறவரைக்கும் உட்காருவான்.

நான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் டேப்ரிக்கார்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். துண்டோடு வெளியே வந்தால் நடு ஹாலில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையன், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் பெரிய மனிதன் மாதிரி கைகொடுத்தான். பொழுதோடு அவன் அம்மா தட்டோடு வந்து நின்றாள். என் வீட்டுக்கும் வெற்றிலை வந்தாகிவிட்டது.

அந்த மஞ்சள் சட்டை ஏதோ ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அவனுடைய சட்டை அத்தனையும் மஞ்சள்தான். தறிக் குடோனில் மிஞ்சும் காடாத் துணியைச் சாயம் போட்டு வாங்கி அவளே தைக்கிறாள். "லாரிக்காரனுக்குத் தூரத்துலயே தெரியோணுமுங்க. நம்ம பையன்னு ஊருக்கும் தெரியோணும்." சட்டைப் பையில் ஊர்ப் பெயரும் எதிர்த்த டெலிபோன் பூத்தின் நம்பரும் நூலால் பின்னியிருக்கும்.

தார்ரோட்டுக்கு அவள் வைத்திருக்கும் ஏற்பாடு வேறு. ரோட்டைக் கண்டால் நின்றுவிட வேண்டும், கையை நீட்ட வேண்டும், யாராவது பிடித்துக் கூட்டிப் போகும்வரை நகரக் கூடாது. இந்த ஒரு பாடத்தை ஒரு வருஷம் முழுக்கத் தினமும் காலையில் நடத்தினாள். இவள் ரோட்டோரம் ஒளிந்துகொள்வாள், அவன் வந்து நிற்பான், கையை நீட்டுவான், இவள் ஓடிப்போய்ப் பிடிப்பாள். சில நாள் அவன் நடுவழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பஸ்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள்.

முத்தாத்தாள் விசைத்தறி ஓட்டுகிறாள். பையனைக் குடோனுக்குக் கூட்டிப் போக முடியாது. தறியில் குறுக்கே பறக்கிற நாடாக் கட்டையும் சுற்றுகிற பெல்ட்டும் பெரியவர்களையே விட்டு வைப்பதில்லை. தறிச் சத்தம் அவள் காதையும் பாதி வாங்கிக்கொண்டது. ஊரே கேட்கிற ரேடியோ அவளுக்குக் கேட்காது. அதனால் வேலை விட்டதும் நேராக நரசிம்மலுவின் மைக் செட் கடைக்குப் போவாள். "நாளைக்கு எங்கீங்ணா கட்டறீங்க?" அவர் இடத்தைச் சொல்வார், இவள் வெற்றிலை வாங்கக் கிளம்புவாள். "உம்பையன் வந்து பொட்டியத் தொட்டுப் பாத்தாத்தான் அம்மணி எனக்கே செட்டு சரியாப் பாடுதுன்னு நம்பிக்கை வருது" என்பார் நரசிம்மலு. அதில் கேலி பாதி, நிஜம் பாதி.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார். ஆகவே யோசனை சொல்லும் பொறுப்பை அண்ணன் சென்னிமலை எடுத்துக்கொண்டிருக்கிறார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வாரம் தவறாமல் மருமகனுக்கு முட்டை கொண்டுவருவார், கூடவே ஒரு யோசனையும் கொண்டுவருவார். முட்டை மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றும். ஒருதரம் அவர் பேச்சைக் கேட்டு வெளிக்கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். பையன் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தான். சோறு குறைந்தது. பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோனது. அந்தப் பூட்டு இப்போது முத்தாத்தாளின் தறியில் பாவு நூலுக்கு எடைக்கல்லாகத் தொங்குகிறது.

"இன்னொருக்கா காணாமப் போனான்னா நானே கூட்டீட்டுப் போயிக் கோயமுத்தூர் ஆஸ்டல்ல சேத்திப்போடுவேன். விசாரிச்சு வெச்சுட்டேன், பாத்துக்க அம்மணி." போன பொங்கலுக்குச் சென்னிமலை சொன்னது இது. சொன்னால் செய்கிற மனிதர். அன்று முதல் முத்தாத்தாள் பாம்புக்குப் பயப்படுவதைவிடக் கரண்ட் போவதற்குப் பயந்தாள். பையன் பாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன். பாதி வழியில் பாட்டு நின்றால் எந்தப் பக்கம் போவான்?

வைகாசிக் கடைசியில் வெங்கடபதி வீட்டுக் கல்யாணத்தில் அதுதான் நடந்தது. முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தி. நானும் சென்னிமலையும் பக்கத்து இலை. கரண்ட் போனது, பாட்டு இழுத்துக்கொண்டே போய் அடங்கியது. கரண்ட் போனால் தறியும் நிற்கும். தறி நின்றால் மற்றவர்கள் டீக்குடிக்கப் போவார்கள். முத்தாத்தாள் தலையெல்லாம் பஞ்சோடு பந்தலுக்குள் ஓடிவந்தாள்.

"சபரீசு வந்துட்டானுங்களா?"

"இன்னும் காணமே அம்மணி" என்றார் நரசிம்மலு. பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பி நெடுநேரம் ஆகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னது. நடுவில் இருப்பது கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் திருச்சி ரோடும்.

பந்தி கலைந்தது. பையன் பெயரைக் கத்திக்கொண்டு நாலு பேர் ஓட, முத்தாத்தாள் பந்தல் வாசலில் கையை விரித்து மறித்தாள். "ஆரும் பேரச் சொல்லிக் கத்தாதீங்க! சத்தங்கேட்டா அடிக்க வாராங்கன்னு ஒளிஞ்சுக்குவான். கெணத்து மேட்டுக்கு ரெண்டு பேர் போங்க. ரோட்டுக்கு ரெண்டு பேர். மத்தவங்க இருங்க. அவன் பாட்டுக்குத்தான் வருவான். நரசிம்மண்ணா, பாட்டப் போடுங்க!"

"நா அப்பவே சொன்னனில்ல..." என்று சென்னிமலை ஆரம்பித்தார்.

"சண்டைய அப்பறம் போட்டுக்கலாமுங்ணா. நீங்க கெணத்துக்குப் போங்க." எச்சில் கையோடு போனார்.

நரசிம்மலு தலையில் கைவைத்தார். கரண்ட் போனால் செட்டுக்குப் போடும் பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்தது. முத்தாத்தாள் சுற்றிப் பார்த்தாள். ரோஜா மாலை சுற்றிய வெள்ளை அம்பாசிடர் நின்றது. நேராகப் போய் அதன் பானெட்டின் மேல் கையை வைத்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா பதறினார். "மாப்பள காருங்க அது! பொண்ணு மாப்பள இனித்தான் ஏறோணும். சகுனங்கெட்டுப் போகாதுங்களா?"

பெண்ணைப் பெற்ற வெங்கடபதி அவரை ஒதுக்கினார். "வெத்தல வெச்சுச் சொன்ன ஒரம்பரைங்க அவன். எங்கூட்டுக்கு விருந்தாளியா வாரவன் வந்து சேரலீன்னா எனக்குத்தானுங்க கொறச்சல். கழட்டுங்க பேட்டரிய!"

பாட்டு எழுந்தது. அது ஓடுகிறதா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மகனைப் போலவே பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அதிர்வு கைக்குத் தெரிந்ததும் கண் மட்டும் வண்டித் தடத்தைப் பார்த்தது. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்தது. நரசிம்மலு திருப்பிப் போட்டார். என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

தடத்தின் கோடியில் மஞ்சள் தெரிந்தது. சபரீஷ் வந்தான். லுங்கி கட்டிய ஆஜானுபாகுவான ஒரு மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவர் ஓட்டமும் நடையுமாக வந்து மூச்சு வாங்கினார். "நாமக்கல் வண்டிங்க. வளைவுல கைய நீட்டீட்டு நின்னான். லிப்டு கேக்கறான்னு எறங்குனேன். புடிச்ச கைய உடவே மாட்டேங்கறானுங்க!"

சபரீஷ் அவர் கையை விட்டான். யாரையும் பார்க்காமல் பெட்டியருகே போய் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தான். முத்தாத்தாள் அவன் காலைத் தூக்கிப் பார்த்து முள்ளைப் பிடுங்கினாள், முதுகில் வலிக்காமல் ஒன்று வைத்தாள், பிறகு அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். டிரைவரை இலையில் உட்கார வைத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் காருக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கேசட் முடியும்வரை பேட்டரியைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சென்னிமலை அவள் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் என் வீட்டு வாசலில் இருந்தேன். அவர் மெதுவான குரலில்தான் பேசினார். "அந்த டிரைவரு நல்லவன் அம்மணி. வேற ஒருத்தனா இருந்து வண்டியில ஏத்தீட்டுப் போயிருந்தா? நீ ஒருத்தி எத்தன நாளைக்கு ஓடுவ? திங்கக்கெழம ஆஸ்டலுக்குப் போயிட்டு வந்தர்லாம்."



"எனக்கும் பயந்தானுங்ணா" என்றாள் முத்தாத்தாள். "ஒருத்தியா ஓடறதுனாலதான் பயம்."

உள்ளே போனாள். வரும்போது கையில் தாம்பாளம் இருந்தது. வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம்.

"திங்கக்கெழம வடக்கால தோட்டத்துல காது குத்துங்க. நரசிம்மண்ணன் ரேடியோ கட்டறாரு. எனக்குத் தறி இருக்குது. இந்தத் தடவ நீங்க போயிச் சொல்லீட்டு வாங்க. தாய்மாமன் சொன்னா இன்னுங் கொஞ்சம் மருவாதியாப் பாத்துக்குவாங்க."

சென்னிமலை தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. கட்டிலில் வைத்துவிட்டுப் போக நிறைய இடம் இருந்தும் முத்தாத்தாள் தட்டைக் கீழே வைக்கவில்லை. அவர் கை வரும்வரை நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.